மாநிலம் மாறினால் லைசென்ஸும் மாற வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலாகி, கல்யாணமாகி, படிக்கப் போய் என்று வெளி மாநிலத்தில் குடியேறும் தமிழ்நாட்டுக்காரர்கள் டிரைவிங் லைசென்ஸ் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேபோல இருக்கின்றன. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போனவரும் சென்னையிலிருந்து புனே போனவரும் ஒரே விஷயத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் முக்கால்வாசி தேவையில்லாதது. உண்மையில் பார்க்க வேண்டிய விஷயத்தை, அதாவது கார்டில் இருக்கும் தேதியை, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆபீஸுக்கு ஆபீஸ் மாறுவது நடைமுறை. கீழே கர்நாடகத்தை அதிகம் உதாரணமாக எடுத்திருக்கிறேன். நம் ஆட்கள் அங்கேதான் அதிகம் போகிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

தமிழ்நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு பெங்களூரில் எத்தனை மாதம் ஓட்டலாம்?

லைசென்ஸில் போட்டிருக்கும் கடைசி தேதி வரை ஓட்டலாம். சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரே வரிதான்: இந்தச் சட்டப்படி கொடுக்கப்பட்ட லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். மதுரையில் எடுத்தது மணிப்பூரிலும் செல்லும். இத்தனை மாதத்துக்குள் உள்ளூர் லைசென்ஸாக மாற்றியாக வேண்டும் என்று எந்தக் கெடுவும் கிடையாது.

பன்னிரண்டு மாதக் கெடு ஒன்று உண்டு என்கிறார்களே?

உண்டு, ஆனால் அது வண்டிக்கு. சட்டத்தின் 47ஆம் பிரிவு வாகனப் பதிவைப் பற்றியது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் புதிய பதிவு எண் வாங்க விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. அதோடு ரோடு டாக்ஸ், பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்பது எல்லாம் வந்துவிடும். இந்தக் கெடுவைத்தான் டீக்கடைப் பேச்சில் லைசென்ஸுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். டி.என். நம்பர் பிளேட்டைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டும் போலீஸ்காரர் முதலில் கேட்பதும், "எப்போ வந்தீங்க, டாக்ஸ் கட்டியாச்சா" என்பதுதான். லைசென்ஸையும் வாங்கிப் பார்ப்பார். அது எந்த மாநிலத்தில் எடுத்தது என்பது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

அடிக்கடி மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கு வண்டி விஷயத்தில் பி.ஹெச். வரிசைப் பதிவு, அதாவது மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத 'பாரத்' எண், 2021 செப்டம்பர் முதல் இருக்கிறது. அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், நான்கு மாநிலங்கள் அல்லது அதற்கு மேல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் அதற்குத் தகுதியானவர்கள். லைசென்ஸில் அப்படித் தனி வரிசை எதுவும் கிடையாது. தேவையும் இல்லை.

போனில் இருக்கும் லைசென்ஸைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்களா?

அரசின் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கேலரியில் இருக்கும் போட்டோவும் வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேனும் வேறு. அவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை. வெளி மாநிலத்தில் இருப்பவர்கள் செயலியில் லைசென்ஸ் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காரணம், அதில் வரவில்லை என்றால் உங்கள் லைசென்ஸ், நாடு முழுக்க உள்ள லைசென்ஸ் விவரங்களை வைத்திருக்கும் 'சாரதி' என்ற அரசுக் கணினியில் ஏறவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். அது தனிக் கதை, கீழே வருகிறது.

அப்படியானால் முகவரியை மாற்றாமலேயே இருந்துவிடலாமா?

ஓட்டுவதற்கு மட்டும்தான் லைசென்ஸ் என்றால் இருந்துவிடலாம். கார்டில் விருதுநகர் முகவரி இருப்பதால் உங்களுக்கு ஓட்டும் தகுதி போய்விடாது. ஊருக்கே திரும்பி வரப்போகிறவர், பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள், புதுப்பிக்க இன்னும் பல வருடம் இருக்கிறது என்றால் நானும் மாற்றச் சொல்லமாட்டேன்.

மாற்றுவது நல்லது என்று தோன்றும் இடங்கள் இவை. ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டீர்கள். இனி அந்த முகவரிக்கு வரும் தபாலை வாங்க ஆள் இல்லை. அல்லது புதிய ஊரில் லைசென்ஸையே முகவரிச் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறது. அல்லது புதுப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டது, எப்படியும் ஆர்.டி.ஓ. வேலை ஒன்று இருக்கிறது.

தபால் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் சிக்கலே அங்கேதான். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸும் ஆர்.சி.யும் நேரில் கொடுக்கப்படுவதில்லை. விரைவுத் தபாலில்தான் வரும். பதிவில் இருப்பது பழைய முகவரி, கதவு பூட்டியிருக்கிறது என்றால் கார்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே திரும்பிவிடும். பிறகு பெங்களூரிலிருந்து அதைத் துரத்த வேண்டும்.

முகவரியை வேறு மாநிலத்துக்கு மாற்றுவது எப்படி?

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதிக்குப் போனால் முதலில் மாநிலம் கேட்கும். பலர் இங்கேயே தடுமாறுகிறார்கள். லைசென்ஸ் எடுத்த மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இப்போது குடியிருக்கும் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பம் போகப்போவது புது ஊர் ஆர்.டி.ஓ.வுக்கு.

அடுத்து லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் உங்கள் விவரங்கள் திரையில் வரும். போட்டோ, ஓட்ட அனுமதி உள்ள வாகனப் பிரிவுகள், செல்லுபடியாகும் தேதி எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே சரிபாருங்கள். கியர் வண்டியும் காரும் சேர்த்து எடுத்தவருக்குத் திரையில் கார் மட்டும் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பழைய ஆர்.டி.ஓ.வில் சரிசெய்த பிறகு தொடர வேண்டும். தவறோடு மாற்றிவிட்டால் புது ஆர்.டி.ஓ. "எங்களுக்கு வந்தது இதுதான்" என்பார், பழைய ஆர்.டி.ஓ. "இப்போது அங்கேதானே இருக்கிறது" என்பார்.

பிறகு சேவைகளின் பட்டியல் வரும். ஒன்றுக்கு மேற்பட்டதை ஒரே விண்ணப்பத்தில் டிக் செய்யலாம். முகவரி மாற்றம், புதுப்பித்தல் இரண்டும் வேண்டுமென்றால் சேர்த்தே போடுங்கள். இரண்டு முறை அலைச்சல் மிச்சம். ஆவணங்களை ஏற்றி, பணம் கட்டி, தேவைப்பட்டால் நாள் குறித்துக்கொண்டு நேரில் போக வேண்டும். மத்திய விதிப்படி முகவரி மாற்றக் கட்டணம் 200 ரூபாய். அதற்கு மேல் கார்டுக்கும் சேவைக்கும் மாநிலம் தன் பங்கைச் சேர்க்கும்.

ஆதார் வழியாகச் சரிபார்த்துக்கொண்டு நேரில் போகாமலே முடிக்கும் வசதி 2021 மார்ச்சில் வந்தது. முகவரி மாற்றம், டூப்ளிகேட், டெஸ்ட் தேவைப்படாத புதுப்பித்தல் உட்பட 18 சேவைகளோடு தொடங்கினார்கள். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும்போது மட்டும் சில ஆபீஸ்கள் அசல் கார்டைக் கொண்டுவரச் சொல்கின்றன.

என் ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான். வாடகை ஒப்பந்தம் போதுமா?

ஆதார் வழியில் போனால் ஆதாரில் இருக்கும் முகவரியைத்தான் கணினி எடுத்துக்கொள்ளும். கர்நாடகத்துக்கு மாற்ற விண்ணப்பித்துவிட்டு திருநெல்வேலி முகவரியைக் கொடுத்தால் நடக்காது. ஆகவே முதலில் ஆதாரை மாற்றுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்; சில ஆபீஸ்கள் ஏற்கும், சில ஏற்காது. பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், எல்.ஐ.சி. பாலிசி போன்றவை விதியிலேயே உள்ளவை. எதுவுமே இல்லாவிட்டால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கவும் விதி இடம் தருகிறது. அதை ஏற்பதும் ஏற்காததும் அதிகாரியின் விருப்பம்.

நம் ஆட்களுக்கே உரிய இன்னொரு தொல்லை இனிஷியல். லைசென்ஸில் 'செ. முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் செ', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் செல்லையா' என்று மூன்று விதமாக இருக்கும். தமிழ்நாட்டு ஆபீஸில் இதை ஒருவரும் கண்டுகொள்ளமாட்டார்கள். வெளி மாநிலத்தில் 'செல்லையா' யார் என்று கேட்பார்கள். அப்பா பெயர் உள்ள ஆவணம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டுமா?

முன்பெல்லாம் அது இல்லாமல் எதுவும் நகராது. லைசென்ஸ் உண்மையா, அதன் மேல் நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரிந்துகொள்ள அடுத்த மாநிலத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது சாரதியில் எல்லாம் தெரிவதால் பெரும்பாலும் கேட்பதில்லை.

கேட்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, உங்கள் லைசென்ஸ் சாரதியில் ஏறாத பழைய லைசென்ஸாக இருந்தால். மற்றொன்று தெலங்கானா. அந்த மாநிலம் நீண்ட காலம் சாரதிக்கு வெளியே தனக்கென்று ஒரு மென்பொருளை வைத்திருந்ததால், ஐதராபாத்தில் எடுத்த லைசென்ஸைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருபவர்களும் இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறவர்களும் கொஞ்சம் கூடுதலாக அலைந்திருக்கிறார்கள். அந்த வழியில் போகிறவர்கள் சான்றோ, லைசென்ஸ் விவரப் பகர்ப்போ (ஆபீஸ் பதிவில் உள்ளதன் நகல்) முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அப்பாவின் லைசென்ஸ் கையெழுத்தில் எழுதிய பழைய புத்தகம். அவர் இப்போது எங்களோடு பெங்களூரில் இருக்கிறார். இங்கேயே புதுப்பிக்க முடியுமா?

எல்லாக் கேள்விகளிலும் கஷ்டமானது இதுதான். சட்டப்படி முடியும். புதுப்பிக்க எந்த லைசென்ஸ் அதிகாரியிடமும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பெங்களூர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் அந்த எண்ணைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. வராததை அவரால் புதுப்பிக்க முடியாது. "உங்க ஊர்லயே ஏத்திட்டு வாங்க" என்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை.

முதல் வேலை, லைசென்ஸ் கொடுத்த ஆபீஸில் அதைக் கணினியில் ஏற்றவைப்பது. பேக்லாக் என்று சொன்னால் அங்கே புரிந்துகொள்வார்கள். அசல் புத்தகம், அதன் எல்லாப் பக்கங்களின் நகல், ஆதார் நகல், ஒரு வேண்டுகோள் கடிதம் கொண்டுபோக வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் விஷயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்து, சில வருடம் கழித்துக் கார் சேர்த்திருந்தால் அது உள்ளே ஒரு பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பும் பச்சை மைக் கையெழுத்துமாக இருக்கும். புதுப்பித்த தேதிகள் இன்னொரு பக்கத்தில் இருக்கும். நகல் எடுக்கும்போது அந்தப் பக்கங்கள் விட்டுப்போனால் கணினியில் கார் ஏறாது. அப்பா பல வருடமாகக் கார் ஓட்டியவர் என்று சொல்லி அதைச் சேர்க்க முடியாது.

ஆபீஸில் பழைய பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அந்தக் காலத்தில் ஒரே ஆபீஸாக இருந்தது பிறகு இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். பதிவேடு இப்போது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று போன் போட்டாவது விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மதுரை வடக்குக்குப் போய் வரிசையில் நின்று, அது தெற்கில் இருக்கிறது என்று கேட்டுத் திரும்புவது நடக்கிற விஷயம்தான். ஏறிய பிறகு புதிய முறைப்படி எண் கிடைக்கும். அதற்கப்புறம் எந்த மாநிலத்திலும் மற்றவர்களைப்போல விண்ணப்பிக்கலாம்.

பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ எப்படியும் ஊருக்குப் போவீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் திறந்திருக்கும் இரண்டு மூன்று நாட்களை அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலம் மாற்றினால் லைசென்ஸ் எண்ணும் மாறுமா?

பொதுவாக மாறுவதில்லை. சாரதியில் முகவரி மாற்றினால் கார்டில் கர்நாடகம் என்று வந்தாலும் எண் பழைய டி.என். எண்ணாகவே இருக்கும். வண்டி எண்ணைப்போல் இதுவும் மாறும் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

எண்ணில் முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு இலக்கம் ஆர்.டி.ஓ., பிறகு எடுத்த வருடம், கடைசி ஏழு இலக்கம் வரிசை எண். டி.என். 58 என்றால் மதுரை தெற்கு, டி.என். 70 என்றால் ஓசூர், பி.ஒய். 01 என்றால் புதுச்சேரி. மாநிலத்தின் எழுத்தே மாறிப்போனாலும் லைசென்ஸ் செத்துப்போகாது. 2014இல் தெலங்கானா பிரிவதற்கு முன் ஐதராபாத்தில் ஏ.பி. என்று தொடங்கும் எண்ணில் எடுத்தவர்கள் அதை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள்.

ஊரில் எடுத்த பைக் லைசென்ஸ் இருக்கிறது. இங்கே காருக்குத் தனியாக இன்னொரு லைசென்ஸ் எடுத்துவிட்டேன். தப்பா?

தப்புதான். 6ஆம் பிரிவு ஒருவருக்கு ஒரு லைசென்ஸ்தான் என்கிறது. எல்.எல்.ஆர். போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகள் மட்டும் உண்டு. இரண்டு லைசென்ஸ் இரண்டு வெவ்வேறு பிரிவு வண்டிகளுக்கு என்பது சமாதானம் ஆகாது.

இது எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்ததே. கல்லூரிக் காலத்தில் ஊரில் எட்டுப் போட்டு பைக் லைசென்ஸ் எடுத்திருப்பார். வேலைக்கு வந்த ஊரில் கார் பழக டிரைவிங் ஸ்கூலில் சேருவார். "ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கா" என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்டாலும், "அது வெளி மாநிலம், லேட் ஆகும், புதுசாவே போட்டுடலாம்" என்று விண்ணப்பத்தில் இல்லை என்று நிரப்பிவிடுவார்கள். ஸ்கூலுக்கு அது சுலபம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. தவறான தகவல் கொடுத்து வாங்கிய லைசென்ஸை ரத்து செய்ய 19ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.

சரியான வழி, இருக்கும் லைசென்ஸிலேயே காரைக் கூடுதல் பிரிவாகச் சேர்ப்பது. அதற்கும் காருக்கான எல்.எல்.ஆர். போட வேண்டும், முப்பது நாள் பொறுத்து டெஸ்ட் கொடுக்க வேண்டும். வேலை ஏறக்குறைய அதேதான்.

ஏற்கெனவே இரண்டு இருந்தால் மறைத்து வைக்காதீர்கள். இப்போது குடியிருக்கும் பகுதி ஆர்.டி.ஓ.வுக்கு இரண்டின் எண்ணையும் எழுதி, ஒன்றை ஒப்படைப்பதாகக் கடிதம் கொடுங்கள். எதை ஒப்படைப்பது, ஒப்படைத்ததில் இருந்த பிரிவை மற்றொன்றில் சேர்க்க மறுபடி டெஸ்ட் உண்டா என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஒத்துப்போகும் பதிவுகளைக் கணினியே காட்டிக்கொடுக்கிறது. புதுப்பிக்கும் நாளில் அது வெளியே வருவதைவிட நீங்களே போய்ச் சொல்வது மேல்.

ஒன்றில் போலீஸ் கைவைத்தால் மற்றதை வைத்து ஓட்டலாம் என்பதற்காகவே இரண்டு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் அடுத்தது.

ஒரு மாநிலத்தில் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்தால் இன்னொரு மாநிலத்தில் ஓட்டலாமா?

கூடாது. லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும் என்றால் அதன் மேல் விழுந்த தடையும் நாடு முழுக்கத்தான். 23ஆம் பிரிவின்படி, தகுதியிழப்பு உத்தரவு வந்தால் அந்தக் காலத்துக்கு வேறு லைசென்ஸ் வைத்திருக்கவும் கூடாது, புதிதாக வாங்கவும் கூடாது. மீறி ஓட்டினாலோ, விஷயத்தை மறைத்து வேறு ஊரில் விண்ணப்பித்தாலோ 182ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிக்னலைத் தாண்டுவது, அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டிக்கொண்டே போன் பேசுவது போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாத சஸ்பென்ஷன் வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

போலீஸ் கார்டை வாங்கிக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். வெளியூரில் இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கார்டு எந்த ஆபீஸுக்குப் போகிறது என்பது அந்தச் சீட்டிலிருந்துதான் தெரியும்.

லைசென்ஸ் காலாவதியாகப் போகிறது. ஊருக்கு வந்துதான் புதுப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்னபடி எங்கிருந்தும் புதுப்பிக்கலாம். புது மாநிலத்தில் செய்தால் முகவரி மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு முகவரியையே வைத்துக்கொள்ள விரும்பினால் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கார்டு ஊர் வீட்டுக்கு வரும்.

காலாவதி ஆவதற்கு ஒரு வருடம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆன பிறகு ஒரு வருடம் வரை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் டாக்டர் சான்று, அதாவது படிவம் 1ஏ வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்து டாக்டரிடமே வாங்கிவிடுங்கள். ஊரில் குடும்ப டாக்டர் கையெழுத்துப் போட்டதை அங்கே தூக்கிக்கொண்டு போய் வாதாட வேண்டாம்.

ஒரு விஷயத்தைப் பலர் கலந்துவிடுகிறார்கள். 'ஒரு வருடம் வரை டெஸ்ட் இல்லை' என்பது புதுப்பிக்கும் சலுகை; ஓட்டுவதற்கு அனுமதி அல்ல. முன்பு காலாவதியான பிறகும் முப்பது நாள் ஓட்டலாம் என்று சட்டத்தில் இருந்தது. 2019 திருத்தத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. தேதி முடிந்த மறுநாள் வண்டி எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. 181ஆம் பிரிவில் அதற்கு 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. அபராதத்தைக்கூட விடுங்கள். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். புதுப்பித்தது பழைய தேதியிலிருந்து கணக்காகாது, புதுப்பித்த நாளிலிருந்துதான்.

எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பது வயதைப் பொறுத்தது. முப்பதுக்குள் எடுத்தால் நாற்பது வயது வரை. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் பத்து வருடம். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் என்றால் அறுபது வயது வரை, அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாக. பழைய முறையில் இருபது வருடத்துக்குக் கொடுத்த கார்டு உங்களிடம் இருந்தால் அதில் அச்சிட்ட தேதிதான் உங்களுக்குச் சட்டம்.

எல்.எல்.ஆர். ஊரில் போட்டேன், வேலை ஐதராபாத்தில் கிடைத்துவிட்டது. டெஸ்ட் எங்கே?

எல்.எல்.ஆரும் இந்தியா முழுக்கச் செல்லும். 'எல்' போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கும் பழகலாம். டெஸ்டை மட்டும் எல்.எல்.ஆர். போட்ட மாநிலத்திலேயே கொடுப்பது சுலபம். ஆறு மாதம் செல்லும், முப்பது நாளுக்குப் பிறகு டெஸ்டுக்கு நாள் குறிக்கலாம்; ஒரு நீண்ட வார இறுதியை ஒட்டி ஊருக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் புது ஊரிலேயே புதிதாக எல்.எல்.ஆர். போடுங்கள், மத்திய விதிப்படி ஒரு பிரிவுக்கு 150 ரூபாய், டெஸ்டுக்கு 50. பஸ் டிக்கெட்டை விடக் குறைவு.

கேரளத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே காருக்கு 'ஹெச்' போட்டுக் காட்ட வேண்டும். ரிவர்ஸில் கம்பியைத் தட்டாமல் வர வேண்டும். நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேர்ரோட்டில் நாலு கியர் மாற்றிக் காட்டியவர்கள் அதை நன்றாகப் பழகிக்கொண்டு போவது நல்லது.

டாக்ஸி, லாரி ஓட்டுபவர்களுக்கும் இதே விதிகள்தானா?

லைசென்ஸ் அளவில் இதேதான். போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு ஆயுள் ஐந்து வருடம் என்பதுதான் வித்தியாசம். ஆட்டோ, பஸ் போன்றவற்றை ஓட்டத் தனியாக வாங்கும் பேட்ஜ் வேறு விஷயம். அது மாநில விதிகளின்கீழ் வருவது; தமிழ்நாட்டில் வாங்கிய பேட்ஜைக் காட்டி இன்னொரு மாநிலத்தில் ஆட்டோவோ பஸ்ஸோ ஓட்ட முடியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புது ஊர் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டு வேலையில் சேருங்கள்.

சாதாரண கார் லைசென்ஸை வைத்து மஞ்சள் போர்டு ஓட்டலாமா என்ற பழைய சண்டையை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்த்துவைத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டி என்றால் ஓட்டலாம், தனியாகப் போக்குவரத்து வாகன அனுமதி தேவையில்லை. இது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்.

வெளியூரில் லைசென்ஸ் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளுங்கள், ஓட்டுவது நிற்காது. டூப்ளிகேட் சாரதியிலேயே விண்ணப்பிக்கலாம். தொலைந்ததற்கு போலீஸ் சான்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் தொலைந்தது என்றால் காவல் துறையின் இணையதளத்திலேயே அதைப் பதிந்து சான்றை எடுத்துக்கொள்ளலாம். எண் ஞாபகம் இல்லையென்றால் பழைய இன்சூரன்ஸ் காகிதத்திலோ, எங்காவது கொடுத்த ஜெராக்ஸிலோ தேடுங்கள். டூப்ளிகேட் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும் என்பதால், முகவரி மாற்றத்தையும் இப்போதே சேர்த்துப் போட்டுவிடுவது லாபம்.

புரோக்கரிடம் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியுமா?

பழைய புத்தகத்தைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு, எந்த மேஜை என்று தெரிந்த ஆள் உதவலாம். முகவரி மாற்றத்துக்கும் புதுப்பிப்புக்கும் அவரும் அதே தளத்தில் அதே பக்கத்தைத்தான் நிரப்பப் போகிறார். கொடுப்பதென்று முடிவு செய்தால் இரண்டு விஷயம். போன் எண்ணாக உங்கள் எண்ணையே போடச் சொல்லுங்கள்; அவர் எண்ணைப் போட்டுவிட்டால் அடுத்த முறை ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். டெஸ்ட் இல்லாமல், நேரில் வராமல், வேறு மாநிலத்தில் இருந்து புது லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அப்படி வரும் கார்டின் எண்ணைச் சாரதியில் போட்டுப் பார்த்தால் வேறு யாருடைய பெயராவது வரும், அல்லது ஒன்றுமே வராது.

வெளிநாடு போவதற்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அதற்கு முகவரி மாற்ற வேண்டுமா?

குடியிருக்கும் பகுதி ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிப்பதுதான் முறை என்பதால், லைசென்ஸில் அந்த முகவரி இருந்தால் கேள்வி வராது. மத்திய விதிப்படி கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். பயணத் தேதிக்கு முந்தின வாரம் முகவரி மாற்றத்தையும் இதையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். முகவரி மாற்றம் முடிந்து புதிய விவரம் சாரதியில் ஏறிய பிறகுதான் அடுத்த விண்ணப்பம் நகரும்.